சத்தம் இல்லாத கொழுந்து விளையாட்டு

“முதுகு ஒடியிற வேலைய எவ பெத்த புள்ளடி வெளையாட்டுன்னு உக்காந்து வெளையாடும்?”

கேட்டது பக்கத்து வீட்டுச் சித்தி. சொந்தச் சித்தி இல்லை. எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையில், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர், அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர். தீப்பெட்டி கேட்டு வந்தவர் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு தேயிலைச் செடி, ஒரு கூடை, நனையாமல் இருக்க இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு கட்டிய ஒரு சின்னப் பெண்.

அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். “நமக்கு வேல. வெளையாடறவளுக்கு வெளையாட்டு. ஒனக்கு என்னா வந்துச்சு?”

சித்தி மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், அந்த விளையாட்டைப் பற்றி யாரும் என்னிடம் கேட்ட நியாயமான கேள்வி அது ஒன்றுதான்.

பச்சைத் தேயிலையின் விலை விழுந்து, எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்த வருடங்கள் அவை. நடுவட்டத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. நல்ல வாரமாக இருந்தால் நான்கு. ஃபேக்டரிச் சங்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊதியது. எங்கள் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போயிருந்தார்கள். அம்மா இறங்கவில்லை. நான் ஊட்டியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதையும் என் இரண்டாம் வகுப்புச் சிலேட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். என்னைத் தேயிலைச் செடியைத் தொட விட்டதில்லை. சின்ன வயதில் ஒரு விடுமுறை நாளில் அவள் பின்னாலேயே மலைக்குப் போய் ஒரு கொழுந்தைக் கிள்ளினேன். கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. “ஒன் வெரலு கறுக்கக் கூடாது” என்றாள். கொழுந்துக் கறை நகக்கண்ணில் ஏறினால் எந்தச் சோப்புக்கும் போகாது. அம்மாவின் பத்து விரல்களிலும் அது இருக்கிறது. என் விரல்கள் சுத்தமானவை. எனக்கு அவற்றின் மேல் கர்வம் உண்டு.

கல்லூரியில் அம்மாவைப் பற்றிக் கேட்டால், “எஸ்டேட்ல இருக்காங்க” என்பேன். கேட்பவர்கள் ஆபீஸில் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன்.

மடிக்கணினி, பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது. திறந்தவுடன் விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும். என்னோடு வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் சினிமா வைக்க இடம் வேண்டுமென்று கடையில் கொடுத்து லினக்ஸை அழித்துவிட்டார்கள். நான் அழிக்கவில்லை. அதன் மேல் பிரியம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்குள் வந்த மிக விலையுயர்ந்த பொருளில் எதையாவது அழிக்கப் போய் எல்லாம் போய்விடுமோ என்ற பயம்தான்.

கல்லூரி லேபிலும் அப்படித்தான், இரண்டும் இருந்தன. ஜன்னல் பக்க வரிசைக் கணினிகளில் விண்டோஸ், சுவர்ப் பக்க வரிசையில் லினக்ஸ். இரண்டாம் வருடத்தில் எங்கள் மேடம் ஒரு வேலை கொடுத்தார். கட்டைகளை இழுத்துப் பொருத்தும் மென்பொருள் ஒன்றில் ஆளுக்கொரு சின்ன விளையாட்டு செய்ய வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று.

“என் கம்ப்யூட்டர்ல ஓடுதுங்க மேடம்னு யாரும் எங்கிட்ட வரக் கூடாது. ஜன்னல் பக்கமும் ஓடணும், சுவர்ப் பக்கமும் ஓடணும். அப்பத்தான் அது முடிஞ்ச வேலை.”

அந்த மென்பொருளில் தட்டச்சு செய்ய வேண்டியது குறைவு. இடது ஓரத்தில் வண்ண வண்ணமாகக் கட்டைகள் அடுக்கியிருக்கும். ‘இந்தச் சாவியை அழுத்தினால்’ என்று ஒரு கட்டை, ‘மோதினால்’ என்று ஒன்று, ‘பத்து அடி நகர்’ என்று ஒன்று. இழுத்துக்கொண்டு வந்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் இருக்கும் பொம்மை நாம் சொன்னபடி நடக்கும். நிரல் எழுதும் வகுப்பில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால்கூட வரிவரியாகச் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத் திட்டு வாங்குகிறவள் நான். இங்கே அந்தத் தொல்லை இல்லை. பொருந்தாத கட்டை ஒட்டாது, அவ்வளவுதான். வகுப்பில் சிலர் இதெல்லாம் குழந்தைகள் சமாச்சாரம் என்றார்கள். நான் மூன்று நாளில் கூடைக்காரப் பெண்ணை நடக்கவைத்துவிட்டேன்.

விளையாட்டு இதுதான். அம்புக்குறிச் சாவிகளால் பெண்ணை நிரையில், அதாவது செடி வரிசையில், நடத்திக்கொண்டு போக வேண்டும். செடிகளின் மேல் தளிர்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வரும் கொழுந்தைக் கிள்ளினால் ஒரு புள்ளி. முற்றிய இலையைக் கிள்ளினால் ஒரு புள்ளி போய்விடும். மொட்டு வராமல் வளர்ச்சி நின்றுபோன தளிரைப் பஞ்சி என்பார்கள். அதைக் கிள்ளினால் இரண்டு புள்ளி போகும் என்று வைத்தேன். காலில் அட்டை ஏறினால் நடை குறையும். நடுவில் பனி வந்து பாதித் திரையை மூடும். சங்கு ஊதினால் ஆட்டம் முடிந்தது. தப்பாகக் கிள்ளும் ஒவ்வொரு முறையும், மலையில் வேலை வாங்கும் மேஸ்திரி அதட்டுவது கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் அம்மாவிடம் போனேன். மேஸ்திரி மாதிரிப் பேசிக்காட்டுவதில் அம்மாவை மிஞ்ச எங்கள் லயத்தில் ஆள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இரண்டு கம்பளிகளைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, நடுவில் மடிக்கணினியை வைத்து, நானும் அம்மாவும் குனிந்து உட்கார்ந்தோம்.

“பேசும்மா.”

அம்மா தொண்டையைச் செருமினாள். திரையைப் பார்த்துக் கைகூப்பினாள். “வணக்கமுங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களாங்க?”

“அய்யோ, அதுக்கெல்லாம் வணக்கம் வேணாம். மேஸ்திரி திட்டற மாதிரி திட்டு.”

“யாரத் திட்ட?”

“என்னத்தான் திட்டேன்.”

“ஒன்னத் திட்ட எனக்கு வாய் வராதுடி.”

“அப்ப சித்தியத் திட்டு.”

உடனே வந்தது. கம்பளிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, மேஸ்திரியின் மூக்கடைத்த குரலை அப்படியே பிடித்து அம்மா கத்தினாள். “ஏ புள்ள! நிரைய விட்டுப்புட்டு அங்க என்னா வாய் பாத்துக்கிட்டு நிக்கிற? வெரசா கிள்ளு! தொரை வாறாரு, தொரை வாறாரு!”

கத்தி முடித்ததும் அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. கம்பளி நழுவி விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தி, “என்னாடி அங்க கூத்து?” என்று கேட்டார். நாங்கள் இன்னும் சிரித்தோம்.

அம்மாவைப் பெற்றவர்கள் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். எங்கள் லயத்தில் யாரும் ‘வர்றாரு’ என்று சொல்வதில்லை, ‘வாறாரு’தான். நான் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அதை விட்டுவிட்டேன்.

மறுநாள் மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தன் குரல் காலேஜில் கேட்கப்போகிறது என்று அம்மா நிரைக்கு நிரை சொல்லியிருக்கிறாள்.

விளையாட்டைக் காட்ட வேண்டிய நாளில் முதலில் ஜன்னல் பக்கம் ஓடவிட்டேன். எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள். என் பக்கத்தில் உட்காரும் தோழியை முதலில் ஆடச் சொன்னேன். அவள் ஊட்டியிலேயே காந்தல் பக்கம் இருக்கிறாள். குடும்பம் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கிறது. நல்லவள். மதியம் தன் சாப்பாட்டில் பாதியை என் டப்பாவுக்குள் தள்ளுகிறவள். அவள் முதல் கிள்ளலிலேயே முற்றிய இலையைக் கிள்ளினாள்.

“ஏ புள்ள! நிரைய விட்டுப்புட்டு…”

லேபில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். அம்மாவின் குரல் அறை முழுக்க எகிறியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முதலில் அந்தச் சிரிப்புப் பிடித்தது. வேண்டுமென்றே தப்பாகக் கிள்ளிக் கிள்ளி அம்மாவைக் கத்தவைத்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “தொரை வாறாரு, தொரை வாறாரு” என்றான்.

தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “ஏன்டி, யாரு இந்தம்மா? செம காமெடியா பேசறாங்க. வாறாருங்குது பாரு! எங்கிருந்து புடிச்ச?”

இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்க அம்மா. அவள் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரியும்.

“ஏதோ வீடியோல இருந்து எடுத்தேன்டி” என்றேன்.

பிறகு சுவர்ப் பக்கம் போனோம். லினக்ஸுக்குத் தனியாக எடுத்து வைத்திருந்த பிரதியை மேடம் ஓடவிட்டார். பெண் நடந்தாள், அட்டை ஏறியது, பனி வந்தது. தப்பாகக் கிள்ளியபோது மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

“சத்தம் எங்கம்மா?”

காரணம் எனக்குத் தெரியும். நான் பதிவு செய்த மென்பொருள் அம்மாவின் குரலை விண்டோஸுக்கு மட்டும் பழக்கமான ஒரு வடிவத்தில் சேமித்திருந்தது. சுவர்ப் பக்கக் கணினிகளில் அதைத் திறக்க வழி இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான வடிவத்தில் மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது, பத்து நிமிட வேலை. அந்த மென்பொருளின் உதவிப் பக்கத்தில் முந்தின வாரமே அதைப் படித்திருந்தேன், சோம்பலில் தள்ளிப்போட்டிருந்தேன். ‘சரி செய்து கொண்டுவருகிறேன் மேடம்’ என்று சொல்ல வேண்டிய இடம் அது.

“அது தேவையில்லைங்க மேடம். சும்மா போட்டது. எடுத்துடறேன்.”

மேடம் என்னை ஒருமுறை பார்த்தார். “எடுத்துட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடும். சரி, உன் இஷ்டம்.”

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அங்கேயே உட்கார்ந்து குரல் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து இழுத்து வெளியே போட்டேன். அதோடு நிற்கவில்லை. யாராவது என் மடிக்கணினியை வாங்கிப் பார்த்தால் பதிவு அகப்பட்டுவிடுமே என்று அந்தக் கோப்பையும் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். இரண்டு வரிசையிலும் விளையாட்டு ஒரே மாதிரி ஓடியது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். அன்று நான் வெட்கப்படவில்லை. எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதும்போது எனக்கு மிகவும் உறுத்துவது அந்த நிம்மதிதான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா படியில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டைக்குச் சோப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“கேட்டாங்களா?”

“இல்லம்மா. அந்த கம்ப்யூட்டர்ல சத்தம் வராது. நம்மளுது வேற, அது வேற. உள்ள ஓடற சிஸ்டமே வேற.”

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால் சொல்வது சுலபமாக இருந்தது.

அம்மா அட்டையைச் சுண்டி எறிந்தாள். “அதுக்கும் வேலக் கொறப்பா? வாரத்துக்கு மூணு நாளுதான் பேசுமோ?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் எஸ்டேட் ஆரம்பப் பள்ளியின் டீச்சர், நான் படித்த பள்ளி அது, என் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டச் சொல்லி அம்மாவிடம் சொல்லியனுப்பினார். பள்ளிக்கு யாரோ கொடுத்த மூன்று பழைய கணினிகள் இருந்தன. மூன்றிலும் லினக்ஸ்தான்; அவற்றின் வயதுக்கு வேறெதுவும் ஓடாது. என்னிடம் லினக்ஸ் பிரதி தயாராக இருந்தது. ஒரு சனிக்கிழமை பென் டிரைவில் கொண்டுபோய் மூன்றிலும் ஏற்றினேன். பிள்ளைகள் கணினிக்குப் பத்துப் பேராக அப்பிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த அறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தவள் நான், இப்போது இவர்கள் ஆடுவது நான் செய்த விளையாட்டு.

ஐந்து நிமிடம்தான். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“அக்கா, பஞ்சியக் கிள்ளினா ஏன் பாயிண்ட் போவுது?”

“அது நல்ல இலை இல்லையே. கூடையில போடக் கூடாதே.”

“கூடையில போடக் கூடாது. ஆனா கிள்ளணும்ல? கிள்ளிக் கீழ போடணும். எங்கம்மா அப்பிடித்தான் செய்வாங்க.”

“ஆமாக்கா, விட்டா செடி தூங்கிரும்” என்றது இன்னொன்று. பத்து வாய்கள் ஒரே நேரத்தில் எனக்கு விளக்கின. பஞ்சியை ஒடித்து எறிந்தால்தான் அந்த இடத்தில் புதுக் கொழுந்து வெடிக்கும். விட்டு வைத்தால் செடி வளராமல் நின்றுவிடும். பறிக்கிற ஒவ்வொருவரும் நாள் முழுக்கச் செய்யும் வேலை அது. என் விளையாட்டு அதைச் செய்கிறவர்களுக்கெல்லாம் இரண்டு புள்ளி பிடித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். திரும்பினால், ஆறேழு பெண்கள். அன்று மத்தியானத்தோடு வேலை முடிந்து, பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்த கையோடு படங்கைக்கூட அவிழ்க்காமல் நேராக வந்திருந்தார்கள். முன்னால் சித்தி. அவர் தோளுக்குப் பின்னால் அம்மா.

“ஏ, காலேசு! பஞ்சி கிள்ளத் தெரியாமலா கொழுந்து வெளையாட்டு செஞ்ச?” என்றார் சித்தி.

“அவளுக்கு எப்பிடித் தெரியும்? நாந்தான் மலைக்கே விட்டதில்லையே” என்றாள் அம்மா. அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

“சரி, ஒன் கொரலு எங்கடி? வா வான்னு கூட்டியாந்த. சோறுகூடத் திங்காம வந்திருக்கோம்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்காக அவளே சொன்னாள். “இந்த மிசின்ல வராதாம். இது வேறயாம். உள்ள ஓடறதே வேறயாம். அப்பிடித்தானே, பாப்பா?”

நான் தலையை ஆட்டினேன்.

டீச்சருக்கு அது புரியவில்லை. உதவி செய்யத்தான் நினைத்தார். “சத்தம் வராதா? நல்லா வருமே” என்று ஒரு கணினியில் என் விளையாட்டை மூடிவிட்டு, பிள்ளைகளுக்குப் போடும் எண்கள் பாட்டு ஒன்றைத் திறந்தார். ஒன்று, இரண்டு என்று யாரோ ஒரு பெண் கணீரென்று பாட ஆரம்பித்தாள். பிள்ளைகள் பழக்கத்தில் கூடவே பாடினார்கள்.

ஜன்னலில் நின்றவர்கள் அம்மா பக்கம் திரும்பினார்கள். அம்மா கணினியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஒரு கண்ணிமைப்பு நேரம். இடுப்புப் படங்கை இறுக்கிக்கொண்டாள்.

“மழ வாற மாதிரி இருக்கு. வாங்க போவம்.”

“மழையா? எங்கடி மழ?” என்று சித்தி வானத்தைப் பார்த்தார். அன்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மாலையில் அவள் எதுவும் கேட்க மாட்டாளா என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்.

“நான் அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது, என்னா? காலேசு புள்ளைங்க கேக்கறது. கொஞ்சம் மெதுவா, நல்ல பேச்சாப் பேசியிருக்கணும். ஒனக்குக் கொறச்சலாப் போச்சா?”

“அதெல்லாம் இல்லம்மா” என்றேன். நான் செய்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த இரண்டு வாரங்கள் வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தன. ஆறே முக்கால் பஸ்ஸுக்கு எனக்கு டப்பா கட்டிக் கொடுத்தாள். ‘கேட்டாங்களா’ என்பது போன்ற கேள்விகள் மட்டும் இல்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாடி செஞ்ச அவள? முந்தியெல்லாம் எம்மவ, எம்மவன்னு ஒம் பேச்ச எடுக்காம ஒரு நிரைய முடிக்க மாட்டா. காது புளிச்சுப் போவும். இப்ப கேட்டா ‘படிக்கிறா’ங்கிறா, அத்தோட வாய மூடிக்கிறா. மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டுன்னா அதுக்கும் மாட்டேங்கிறா. எங்களுக்குப் பொழுதே போவ மாட்டேங்குது.”

அன்று மாலையே விளையாட்டைத் திறந்தேன். பஞ்சிக் கட்டையை முதலில் சரி செய்தேன். கிள்ளிக் கீழே போட ஒரு சாவி வைத்தேன். போட்டால் ஒரு புள்ளி, அந்தச் செடியில் அடுத்த தளிர் சீக்கிரம் முளைக்கும். அது பொருந்திவிட்டது. குரல் கட்டைகளையும் பழைய இடங்களில் பொருத்தினேன். அவற்றுக்குள் போடக் குரல் இல்லை. அழித்த கோப்பை மீட்டுத் தரும் மென்பொருள்களை எல்லாம் ஓடவிட்டுப் பார்த்தேன். எப்போதோ எடுத்த புகைப்படங்கள் வந்தன. அம்மா வரவில்லை.

நானே பேசிப் பார்த்தேன். “ஏ புள்ள, வெரசா கிள்ளு, தொரை வாறாரு.” போட்டுக் கேட்டேன். டவுனில் வளர்ந்த ஒருத்தி எஸ்டேட்காரர்களைக் கிண்டல் செய்வது போல இருந்தது. லேபில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினானே, அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதை அழித்தேன்.

அப்படியானால் அம்மாதான் பேச வேண்டும். ஏன் திரும்பப் பேச வேண்டும் என்று அவள் கேட்பாள். சொல்ல வேண்டும்.

முதலில் தோழியிடம் சொன்னேன், சாப்பாட்டு நேரத்தில். “அன்னிக்கு ஒரு கொரல் கேட்டுச்சில்ல, அது வீடியோ இல்ல. எங்கம்மா. கொழுந்து பறிக்கிறாங்க.”

அவள் வாயில் வைத்த சோற்றை மென்று முடித்தாள். “அட லூசு, அதுக்கு எதுக்குடி வீடியோன்ன? எங்கப்பா மண்டியில ஏலம் கூவற கொரலக் கேட்டீன்னா காதப் பொத்திக்குவ.” கொஞ்சம் கழித்து, “ஏன்டி, நான் சிரிச்சேன்னு அம்மாகிட்டச் சொல்லீறாத” என்றாள். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. யாருக்கும் அந்தப் பொய் தேவைப்பட்டிருக்கவுமில்லை.

அம்மாவிடம் வீட்டில் சொல்வது சுலபம். நான் பாதி சொல்லும்போதே ‘விடு, விடு’ என்று அவள் முடித்துவிடுவாள். ஆனால் அவள் தலை குனிந்தது வீட்டுக்குள் இல்லை, அந்த ஆறேழு பெண்கள் முன்னால். அதனால் திங்கட்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டு, மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் போனேன். காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு எந்த மலை என்று பிரித்துவிடும் இடம் அது. பனி இறங்கியிருந்தது. மேஸ்திரி பேர் வாசித்து முடித்திருந்தார். பெண்கள் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

“என்னா, காலேசு லீவா?” என்றார் சித்தி.

“இல்ல சித்தி. எல்லாரும் ஒரு நிமிசம் நில்லுங்க.” நான் அவர்கள் நடுவில் போய் நின்றேன். “அன்னிக்கி ஸ்கூல்ல அம்மா கொரலு வராததுக்கு மிசின் காரணம் இல்ல. நாந்தான் எடுத்துட்டேன். காலேஜ்ல கேட்டுச் சிரிச்சாங்க. யாருன்னு கேட்டதுக்கு எங்கம்மான்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, யாரோன்னு சொல்லிட்டேன். அம்மாகிட்டயும் பொய் சொன்னேன்.”

யாரோ இருமினார்கள். “செருப்பால அடிக்கணும் ஒன்ன” என்றார் சித்தி. குரலில் சூடு இல்லாமல், மெதுவாக. மேஸ்திரி தூரத்திலிருந்து, “என்னம்மா அங்க, மீட்டிங்கா?” என்றார்.

அம்மா கூடைக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பெரட்டுல வந்து என்னாடி இது. வேலைக்கு நேரமாச்சு.”

“அந்தக் கொரல அழிச்சிட்டேம்மா. இப்ப இல்ல. திரும்பப் பேசிக் குடு.”

அம்மா கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். நான் அம்மாவின் பின்னால் போனேன். செடிகளுக்கு நடுவே அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. பனித்தண்ணீரில் சுடிதார் முழங்கால் வரை நனைந்தது. தன் நிரையின் தலைப்பில் நின்று அம்மா கிள்ள ஆரம்பித்தாள். கொழுந்து தோளுக்கு மேலாகக் கூடைக்குப் போனது, பஞ்சி காலடியில் விழுந்தது. இரண்டுக்கும் அவள் கை நிற்கவில்லை.

பறித்துப் பறித்து மேசை போலத் தட்டையாகிவிட்ட ஒரு செடியின் மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன். எந்த வடிவத்தில் சேமிக்க என்று கேட்டது. எல்லாக் கணினியும் திறக்கக்கூடியதைத் தேர்ந்தெடுத்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பேசுவாளா என்று தெரியவில்லை. நான் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன்.